கன்னத்தின் கோபம்

வேதவல்லிக்கு முழங்கையிலும் கன்னத்திலும் சொரியாசிஸ். டாக்டர் முழங்கைக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பும், கன்னத்துக்கு மிதமானதும் எழுதிக் கொடுத்தார்.

கன்னத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அந்தச் சொரசொரப்புக்கு நல்ல மருந்து, எனக்குப் பேருக்கு ஒன்றா?"

"கோபிக்காதே, என்னுடையதில் பாதி தருகிறேன்" என்ற முழங்கை, எவ்வளவு மடங்கிப் பார்த்தும் கன்னத்தை எட்டவில்லை.

கன்னம் விரலிடம் கெஞ்சியது. "நீயாவது கொஞ்சம் கொண்டு வாயேன்."

"மாட்டேன்" என்றது விரல். "முழங்கையில் பராக்குப் பார்த்தபடியே தேய்ப்பேன். உன்னிடம் வரும்போது மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பயந்து பயந்து தொடுகிறேன். உன் தோல் அவ்வளவு மெல்லிசு."

கன்னம் குப்பென்று சிவந்தது.

"ஐயோ, நோய் முற்றிவிட்டதா?" என்று பதறியது முழங்கை.

"சும்மா இரு, இது வேற" என்றது கன்னம்.