தங்கம் சேர்த்த பிளவு

பழம்பாறை ஒன்றில் விரலகலப் பிளவு ஒன்று இருந்தது. ஒருநாள் ஆழத்திலிருந்து வெந்நீர், தங்கத்தைக் கரைத்துச் சுமந்தபடி கொதித்து ஏறி வந்தது.

“ஏன் தம்பி இவ்வளவு கொதிப்பு? அக்காகிட்ட கொஞ்சம் ஆறிட்டுப் போயேன்,” என்றது பிளவு.

வெந்நீர் ஆற ஆற, தங்கமும் வெள்ளைக்கல்லும் பிளவின் சுவரில் படிந்தன. வெறுங்கையோடு கிளம்பிய வெந்நீர், “என்ன உபசாரம்!” என்று பின்னால் வந்தவர்களிடமும் சொல்லிவிட்டுப் போனது. அவர்களும் வந்து ஆறினார்கள். பிளவு பூரித்தது.

“போதும்டி. நிரம்பிட்டா நீ எங்கே இருப்பே?” என்றது பாறை.

“வயிற்றெரிச்சல் உனக்கு! மயிரிழை இடம் இன்னும் இருக்கு.”

அதுவும் நிரம்பியது.

அடுத்து வந்த வெந்நீர், “அக்கா! அக்கா!” என்று வெகுநேரம் கூப்பிட்டது.

“இங்கே தங்கம்தான் இருக்கு,” என்றது பாறை. “அக்கா இல்லை.”