காலி பெஞ்சு

இரண்டு பாட்டில் தண்ணீரையும் பெஞ்சின் மேல் ஊற்றிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று போட்டோகிராபர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சின்ன ஏரியின் கரையில் ஈ காக்கை இல்லை. இருந்தாலும் காது மடல் சூடாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் செய்கிற காரியமா இது?

காலி பாட்டில்களைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு, வளைந்து போகும் கரையைச் சுற்றி, எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த கேமரா ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மூடுபனி, ஒற்றை மரம், அதன் கீழே ஏரியைப் பார்த்தபடி ஒரு காலி பெஞ்சு.

காலண்டர் கம்பெனி கேட்டது இதைத்தான். ஜனவரிப் பக்கத்துக்கு இயற்கைக் காட்சி, ஆள் நடமாட்டமே கூடாது, இன்று கடைசி நாள். இருபது வருடமாக ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் முகங்களையே எடுத்து அலுத்துப்போனவருக்கு, வீடு வீடாகச் சுவரில் தொங்கப்போகிற முதல் படம் இது. அதை நினைத்தே நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

முதல் நாள் லென்ஸில் பனி படிந்து எல்லாம் கலங்கல். இரண்டாம் நாள் பேட்டரி காலை வாரியது. மூன்றாம் நாள் ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றில் இறங்கி, படத்தில் ஏரியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அந்த மனிதரைத்தான்.

பக்கத்து பம்ப் ஹவுஸில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர் அவர். வேலை முடிந்து, சரியாக வெளிச்சம் கூடிவரும் நேரம் பார்த்து வந்து, அந்தப் பெஞ்சில் நந்தி மாதிரி உட்கார்ந்துவிடுவார். போட்டோகிராபர் வெறுத்துப்போய் ஸ்டாண்டை மடக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். மடக்கிய மறு நிமிடம் எழுந்து போய்விடுவார்.

முதல் நாள், தள்ளிப் போகும்படி இக்கரையிலிருந்து கையை வீசிச் சைகை காட்டியாயிற்று. ஆபரேட்டர் நன்றாகத் தலையாட்டினார். பிறகு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று போட்டோகிராபர் அன்றே முடிவு கட்டிவிட்டார். அதற்கேற்ப ஆளின் மினுக்கலும் நாளுக்கு நாள் ஏறியது. முதல் நாள் கிரீஸ் கறையோடு யூனிபார்ம், மறுநாள் துவைத்த சட்டை, நேற்று மழமழவென்று சவரம் செய்த முகம், வகிடெடுத்து வாரிய தலை. கொழுப்பைப் பாரேன் என்று பற்றிக்கொண்டு வந்தது இவருக்கு.

பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, எடுத்தாச்சா?"

"வெளிச்சம் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."

"அந்த ஆள்கிட்ட போய், கொஞ்சம் எழுந்திருங்கன்னு கேளுங்களேன். வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"மூணு நாளா முறைச்சுட்டு இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? வெக்கமா இருக்குடி."

"அப்போ இன்னிக்கும் வந்து உக்காந்தா?"

"உக்கார மாட்டான். அதுக்கு ஒரு வேலை பண்ணிட்டேன்."

"என்ன வேலை?"

 போட்டோகிராபர் போனை அணைத்துவிட்டார்.

ஆபரேட்டர் வந்தார். இன்று கோட்டு வேறு. பெஞ்சைக் கையால் தொட்டுப் பார்த்து, கையை உதறினார். போய்விடுவார், இதோ போய்விடுவார் என்று போட்டோகிராபர் பட்டனில் விரலை வைத்தார்.

ஆபரேட்டர் எதிர்க்கரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டின் பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சொல்லி வைத்த மாதிரி வெளிச்சமும் வந்தது. பனிக்குள் மெல்லப் பொன்னிறம் பரவி, மரத்தின் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தெரிந்தது. கூடவே, குளிரில் அந்த மனிதரின் தோள் நடுங்குவதும் தெரிந்தது.

பட்டனில் வைத்த விரலை அழுத்த மனம் வரவில்லை. வெளிச்சம் வந்த வழியே போய்விட்டது. கேமராவில் ஒரு படம்கூட இல்லை. ஜனவரிப் பக்கம் கைவிட்டுப் போனதுகூட உறைக்காமல், ஒரு மனிதரை இந்தக் குளிரில் ஈரத்தில் உட்கார வைத்தோமே என்று போட்டோகிராபர் கூனிக்குறுகி நின்றார்.

ஆபரேட்டர் எழுந்து, கரையைச் சுற்றி நேராக இவரை நோக்கித்தான் வந்தார். நனைந்த கால்சட்டை தொடையோடு ஒட்டியிருந்தது. பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலை உள்ளே தள்ளிய போட்டோகிராபர், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க..."

"ஐயோ, நீங்க எதுக்கு சார்? தப்பெல்லாம் என்மேலதான்." குளிரில் ஆபரேட்டரின் பற்கள் தந்தியடித்தன. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "நடுவுல ஒரு தும்மல் வந்துச்சு. மூச்சைப் பிடிச்சு அடக்கிட்டேன்."

"தும்மலை எதுக்குங்க அடக்கணும்?"

"பின்னே? மூணு நாளா நான் சரியா உக்காரலேன்னுதானே திரும்பத் திரும்ப வந்தீங்க!"

 ஆபரேட்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவை ஆசையாக எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்காவது படத்துல நல்லா விழுந்திருக்கேனா, சார்?"