உறைமேல் எழுதிய பெயர்

அமெரிக்காவின் டோமா ஊரில், ஹோ-சங்க் பழங்குடியினரின் அருங்காட்சியகத்தின் பின்னறை மேசைமேல், ஜன்னலில் வழியும் பனி வெளிச்சத்தில், ஒரு பழுப்பு உறை கிடக்கிறது. கிழக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தொண்ணூறு வருடம் இழுப்பறையில் போட்டு வைத்திருந்துவிட்டு, போன வாரம்தான் தபாலில் திருப்பி அனுப்பியது. உள்ளே ஒரு சிறுமியின் சடை. பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்த அன்றே கத்தரித்தது. நுனியில் கட்டிய சிவப்பு நூல் இன்னும் அவிழவில்லை. மார்லிஸ் உறையை மூன்றாவது முறையாகத் திருப்பிப் பார்க்கிறாள். 'பெயர்: ஹீனு. வயது: ஒன்பது.' வேறு ஒரு எழுத்தும் இல்லை.

"ஹீனுவாம்! நம்ம சனத்துல வீட்டுக்கு வீடு மூத்த பொண்ணு ஹீனுதான்; அதப் போயி பேருன்னு எழுதி வெச்சிருக்கான், படிச்ச மேதாவி. பாவம், வீட்டுல கூப்பிடறதத்தான சொல்லியிருக்கும் அந்தப் புள்ள."

"இப்ப எந்த வீட்டுக்காரங்களக் கூப்பிடறது, ஹீனு?" என்கிறான் வாசலில் நிற்கும் தம்பி டெல்பர்ட்; அக்காவை அவனும் அப்படித்தான் கூப்பிடுவான். "சடைய வாங்க வந்தவங்க கூடத்துல ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க."

"எழுதியிருக்கறதையே கூப்பிடு."

அவன் தயங்குகிறான். பிறகு கூடத்தைப் பார்த்து, "ஹீனு!" என்கிறான்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது. ஒருத்தி, இன்னொருத்தி என்று பதினோரு பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். கடைசியாக எழுகிறவளுக்கு ஒன்பது வயதுதான் இருக்கும். அவள் தன் சடையை ஒரு கையால் இறுகப் பிடித்திருக்கிறாள்.