ஆல்டோவுக்கு ஒரே சுரம்

அறுப்பின் பண்டிகையில் பாடச் சொல்லி பக்கத்துச் சபை ஆர்கன்காரர் நான்கு குரலுக்கு எழுதி அனுப்பியிருந்த பாட்டைப் படிக்கப் படிக்க, பாடகர் குழுத் தலைவர் ஞானதாசனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆண் குரல்களான பேஸும் டெனரும் நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல இடைவெளி மாறாமல் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கின. சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளைக் கார்டுக்குக் கார்டு சிவப்பு மையால் சுழித்தவர், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவின் வரிக்கு வந்ததும் பேனாவை வீசிவிட்டார்.

"இந்தக் கண்றாவியப் பாத்தியா ரோசலின்? கார்டு எங்க போனாலும் ஆல்டோவுக்கு ஒரே சுரம். கடைசி வரைக்கும் நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கணும். மனுஷி பாடுவாளா இத?"

குழுவில் ஆல்டோ பாடுகிறவள் அவர் மனைவி ரோசலின்தான். மீன் கழுவிய கையோடு வந்தவள், தாளை எட்டிக்கூடப் பார்க்காமல் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துப் பாடினாள். எங்கும் பிசகவில்லை. வார்த்தைகள் மட்டும் வேறாக இருந்தன. போன கிறிஸ்துமஸுக்கு ஞானதாசனே நான்கு குரலுக்கு எழுதிக் கொடுத்த பாட்டின் ஆல்டோ வரி அது.

வாயில் ஊறிய எச்சிலைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டாம் சரணத்துக்குப் போனாள்.