கடைசி ஏழு ஆட்டம்

“உள்ள சத்தமே காணோமே. போன வருஷம் இந்நேரம் மேசையைக் குத்திட்டிருந்தாங்க,” என்றார் ஓரெஸ்ட்.

“காப்பி ஆறுது, குடி,” என்றாள் வெர்னா.

ஹார்க்லி ஊரின் பனித்திடலில் சிற்றுண்டிக் கடையை நடத்துவது வெர்னா. அவள் கணவர் ஓரெஸ்ட் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளர். ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்த கமிட்டிக்காரர்கள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் என்று பார்த்தால் பெட்ரோலுக்குக் காணாது. ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் அந்த மனிதரின் உயிர் இந்தத் திடலில்தான் இருந்தது.

வெர்னாவின் உயிர் அரிசோனாவில் இருந்தது. அவள் தங்கை அங்கே குடியேறி, இங்கே மூக்கு உறையும் ஜனவரியில் தோட்டத்தில் எலுமிச்சை பறிப்பதைப் படம் பிடித்து அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள். நாமும் குளிருக்கு அங்கே போகலாம் என்று வெர்னா கேட்கும்போதெல்லாம் ஓரெஸ்ட் ஒரே பதிலைத்தான் சொல்வார். ஊர் போதும் என்று சொல்லட்டும், மறுநாளே வண்டியைக் கிளப்புகிறேன்.

போன வருஷம் ஊர் கிட்டத்தட்டச் சொல்லியேவிட்டது. பதினொரு வெற்றி, பதினொரு தோல்வி, எட்டு அணிகளில் ஐந்தாம் இடம். கேட்க ஒன்றும் மோசமில்லை. ஆனால் வெற்றியெல்லாம் முதலிலேயே வந்து தீர்ந்துபோய், கடைசி ஏழு ஆட்டத்தையும் வரிசையாகத் தோற்றார்கள். தபால் ஆபீசுக்குள் ஓரெஸ்ட் நுழைந்தால் பேச்சு நின்றது. முடிவெட்டுகிறவர் பாதித் தலையில் கத்தரியை நிறுத்திக்கொண்டு, கோல்கீப்பரை ஏன் மாற்றவில்லை என்று விசாரணை வைத்தார். கமிட்டியில் ஒரே ஓட்டில்தான் மனிதர் தப்பினார்.

இந்த வருஷமும் பதினொன்றுக்குப் பதினொன்று. அதே ஐந்தாம் இடம். முதல் நான்கு அணிகளுக்குத்தான் மேற்கொண்டு ஆட்டம் என்பதால், போன வருஷம் போலவே சீக்கிரம் மூட்டை கட்டியாயிற்று. ஆனால் இந்த முறை வாங்க வேண்டிய உதையை எல்லாம் கிறிஸ்துமசுக்கு முன்பே வாங்கி முடித்துவிட்டு, கடைசி ஏழையும் ஜெயித்தார்கள். கோப்பையே வந்துவிட்ட மாதிரி ஊர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியது. முடிவெட்டுகிறவர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

“வேற ஒண்ணுமில்ல வெர்னா. பலமான டீமெல்லாம் போன வருஷம் கடைசில வந்தான், இந்த வருஷம் முதல்ல வந்தான். அவ்வளவுதான். நான் என்னமோ பசங்களைப் பொறுமையாப் பழுக்க வச்சு எடுத்தேன்னு பேசிக்கிறாங்க.”

“பேசிட்டுப் போறாங்க. நீ எதுக்கு மறுக்கிற?”

“கேக்கை முதல்ல தின்னுட்டு முட்டைக்கோஸோட எழுந்தா, விருந்தே சரியில்லன்னுதான் சொல்லுவான் மனுஷன்.”

வெர்னா சிரித்துக்கொண்டே பெர்ரி கேக்கைத் துண்டு போட்டாள். ஓரெஸ்ட் அவள் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று கமிட்டி சொன்னால் தனக்குத்தான் இடி, அவளுக்கு அது கல்யாணச் சேதி. அதை நினைத்தால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

கதவு திறந்தது. கமிட்டித் தலைவர் கிளெம் ஃபாஸம், பள்ளிக்கூடத்தில் ஓரெஸ்ட்டோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், இரண்டு கையையும் விரித்தபடி வந்தார்.

“மூணு வருஷம்டா ஓரெஸ்ட். ஒருத்தன்கூட எதிர்க்கல. எழுந்து நின்னு கை தட்டினாங்க.”

ஓரெஸ்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்ட பிறகுதான் அரிசோனா மூன்று வருஷம் தள்ளிப் போனது உறைத்தது. வெர்னா பக்கம் பார்க்கவே கூசியது. தனக்குச் சேராத புகழை வாங்கிக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை.

“கை தட்டறதா இருந்தா நார்பர்ட்டுக்குத் தட்டுங்கடா. எந்த டீமோட எப்போ ஆட்டம்னு எட்டு ஊருக்கும் முடிவு பண்றது அவன்தானே. நான் அதிர்ஷ்டக்காரன், அவ்வளவுதான்.”

கிளெம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“எந்தக் காலத்துல இருக்க? அவனுக்குக் கண்ணு ரெண்டும் புரை விழுந்து எத்தனை நாளாச்சு. ரெண்டு வருஷமா அவனுக்குப் பதிலா உக்காந்து அட்டவணை போடறது உன் பெண்டாட்டி. கோச் வீட்டுலயே போட்டாங்கன்னு தெரிஞ்சா மத்த ஊர்க்காரன் சும்மா இருப்பானா? அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. போன வாரம்தான் நார்பர்ட்டே என்கிட்ட உளறினான்.”

சொல்லிவிட்டு ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு கிளெம் உள்ளே போனார்.

ஓரெஸ்ட் மெதுவாகத் திரும்பினார்.

“ரெண்டு வருஷமுமா? போன வருஷமும் நீதானா?”

வெர்னா அவர் முன்னால் தட்டை நகர்த்தினாள்.

“அப்படியாவது ஊர் உன்னை அனுப்பிடும்னுதான், பலமான டீமையெல்லாம் கடைசில போட்டேன். அப்புறம் அந்த ஏழு ஆட்டமும் உன் மூஞ்சியைப் பாத்தேன். இந்த வருஷம் நானே திருப்பிப் போட்டுட்டேன்.”