மணக்கும் மாடு

மல்லிகை வாசம் வந்ததும் அவளுக்குக் குமட்டியது.

செத்த மாட்டிலிருந்து வரக்கூடாத வாசம்.

இருபத்துமூன்று வருடங்களாகப் பாறுக் கழுகுகளோடு குடித்தனம். அழுகிய குடல், புழு, நாள்பட்ட தோல், எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. கையைக் கழுவிவிட்டு அங்கேயே தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

இன்று வாயில் எச்சில் புளித்தது.

ரேஞ்சர் காளியப்பன் காலிக் கேனை ஆட்டிக் காட்டினார்.

"மினிஸ்டர் வர்றாருங்க மேடம். நாத்தம்னா பத்தடி தள்ளி நின்னுக்குவாராம். அதான் மல்லியப்பூ பினாயில், ரெண்டு கேன். கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்களா?"

அந்த மாட்டுக்காகப் பதினோரு ஊர் சுற்றியிருந்தாள். வலிக்கு ஊசி போட்ட மாட்டைத் தின்றால் பாறு சில நாளில் தலை தொங்கிச் சாகும். ஊசி போட்டதா என்று மாட்டுக்காரரிடம் ஒரு தரம், அவர் மனைவியிடம் ஒரு தரம், நம்பாமல் எதிர்வீட்டில் ஒரு தரம். சாயம் போகுமா என்று நாலு கடை ஏறி இறங்கிப் புடவை எடுப்பவள்கூட அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அப்படித் தேறிய மாட்டின் மேல் வெள்ளையாய் வழிந்துகொண்டிருந்தது பினாயில்.

கூண்டுக்குள் ஏழு பறவைகள். முட்டையிலிருந்து அவள் வளர்த்தவை. இன்று விடுதலை. பசித்தால்தான் வெளித்தீனியில் இறங்கும் என்று மூன்று நாள் பட்டினி போட்டிருந்தாள்.

கதவு திறந்தால் நேரே வெளியே கிடக்கும் அந்த விஷ மாட்டின் மேல்தான் விழும்.

"கதவைத் திறக்க வேண்டாம்."

"நீங்க பாறு வளர்க்கறதுக்கு அஞ்சு வருச அனுமதி லெட்டர் அவரு கையில இருக்குதுங்க மேடம். இந்தக் கதவு திறந்தாத்தான் அந்தக் கை திறக்கும்." சிரித்தார். "பொணந்தின்னிதானுங்களே. எதத் தின்னாலும் செரிச்சிரும்."

தூரத்தில் சைரன்.

கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

கதவைத் திறப்பதுதானே பேச்சு. பறப்பது பேச்சில் இல்லை.

அவசரத்துக்கென்று ஐஸ் பெட்டியில் இருந்த ஆட்டுத் தொடை, ஈரல், நுரையீரல், அத்தனையும் கூண்டின் பின்பக்கத் திட்டிவாசல் வழியே உள்ளே போனது.

ஏழும் பாய்ந்தன.

மாலை, பொன்னாடை, மைக்கில் வரவேற்பு என்று அரைமணி போயிற்று. அதற்குள் எலும்புதான் மிச்சம்.

அமைச்சர் ரிப்பனை வெட்டினார்.

கதவு திறந்தது. கைதட்டல்.

ஒன்றும் அசையவில்லை. கழுத்தடி புடைக்க, முதல் பந்தியில் உண்டு தூணில் சாய்ந்த சம்பந்திகளைப் போல ஏழும் உட்கார்ந்திருந்தன.

கேமராக்கள் காத்திருந்தன.

ஒன்று இறக்கையை விரித்தது. கூட்டம் 'ஓ' என்றது. வெயில் காய்ந்துவிட்டு மடக்கிக்கொண்டது.

அமைச்சர் அவளைப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை வருசத்துல இதுகளுக்குப் பறக்கக்கூடச் சொல்லித்தரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். காளியப்பன் ஒரு படி கூடுதலாக.

 

"பறக்கிறப்போ கூப்பிடுங்க." உதவியாளர் நீட்டிய அனுமதி உறையை வாங்கி அமைச்சர் தம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

கார்கள் போயின.

அவள் கூண்டைத் தாழிட்டாள். ஏழு என்று ஒருமுறை எண்ணிக்கொண்டாள்.

மேலே காட்டுப் பாறு ஒன்று வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்துவிட்டது.

மாட்டைப் புதைக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல் வெட்டிலேயே வாசம் முகத்தில் அடித்தது.

நிறுத்தி, துப்பட்டாவை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினாள்.

காளியப்பன் வாயைப் பிளந்தார். "என்னங்க மேடம், நீங்களே மூக்கக் கட்டுறீங்க? இப்பத்தான் நாத்தமே இல்லீங்களே?"

அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

துப்பட்டாவில் இன்னொரு முடிச்சு போட்டாள்.