எட்டால் பெருக்கினால்

தங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், கணக்கு டீச்சர் கம்லா மகளோடு கடல் தாண்டி ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தாள். அவள் கணவர் நாகையா மட்டும் சொந்த ஊரான லம்பாசாவில் கரும்புத் தோட்டத்தோடு தங்கிவிட்டார். தோட்டத்தை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

சமையலறைக் கரும்பலகையில் அவள் எழுதிவிட்டுப் போன எண் 142857. மறுநாள் காலை அங்கே 285714 என்று இருந்தது. அவள் கையெழுத்தேதான். அடுத்த நாள் 428571. அந்த எண்ணை ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள்தான் வரிசை கலையாமல் சுற்றி வரும்; ஒன்றுகூட வெளியே போகாது. நாகையா தினமும் டீயோடு நின்று அந்த அழகை ரசித்தார். ஏழாம் பெருக்கலில் எல்லாமே ஒன்பதாயின. அதற்கும் மறுநாள் 1142856. அவர் ஆக்லாந்துக்குப் போன் போட்டார்.

"கடைசி ஏழு, ஆறாயிடுச்சே கம்லா."

"அதுலேர்ந்து ஒன்னு பிரிஞ்சு முன்னால போய் நிக்குது, பாருங்க. மறுபடி ஆறோட சேத்தா பழைய நம்பர்தான்."

நாகையா பலகையில் முன்னால் நின்ற ஒன்றை விரலால் தொட்டார். "தோட்டத்தக் குடுத்துட்டு வரேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க. தெனம் எந்திரிச்சா என் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். இந்த வீட்டுல சாக்பீஸே கெடையாது."